புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்: அளவான உணவும் அன்றாட நடையும்

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

புற்றுநோய் என்ற சொல்லை உரக்கச் சொல்லவே மக்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது என்றே அனைவரும் எண்ணினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 1954-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் ஆற்றிய தொண்டினை நாம் அறிவோம். அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் வளர்ந்ததன் பயனாக, இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டவர்களுள் பலர் இன்று பல்லாண்டு வாழ்கின்றனர். ஆகவே புதியதொரு வினா நம்முன் எழுந்துள்ளது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் அதன்பின் எவ்வாறு வாழ வேண்டும் என்பதே அவ்வினா.

மருத்துவமனையில் இருக்கும்வரை எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. எந்த நாளில் ஊசி, எந்த வேளையில் மாத்திரை என்பதைத் தாதியர் சொல்லிவிடுவர். வீட்டுக்கு வந்தபின் ஆளுக்கொரு விதி சொல்லுவார்கள். ஒருவர் பால் குடிக்கக் கூடாது என்பார்; மற்றொருவர் நெய் ஊற்றிச் சாப்பிட்டால்தான் உடம்பு தேறும் என்பார். எங்கள் ஊர் கட்டபெட்டு. உதகையிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில், குன்னூருக்குச் சாலை பிரியும் இடம். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. சிகிச்சை முடிந்தபின் எங்களுக்கு வந்த சிக்கல் நாங்கள் எதிர்பாராதது. உடல் எடையும் இரத்தத்தில் கொழுப்பும் ஏறத் தொடங்கின. அதனைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும், வீட்டில் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். நம் கல்லூரியில் இதே கவலையோடு வீட்டுக்குப் போகும் மாணவர் வேறு சிலரும் இருக்கக்கூடும் அல்லவா?

குன்னூர் தந்த பாடம்

உணவைப் பற்றிப் பேச நீலகிரிக்குத் தனி உரிமை உண்டு. இந்தியாவில் உணவு ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியது நம் குன்னூரில்தான். 1918-ஆம் ஆண்டு, அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அளந்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், பச்சைக் காய்கறி ஆகியவை கொண்ட பஞ்சாபியர் உணவைத் தின்ற எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்ற எலிகள் மெலிந்து நோயுற்றன. அவருக்குப்பின் வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை 1937-இல் குன்னூரிலிருந்தே வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

மெக்காரிசன் காலத்துச் சிக்கல் பற்றாக்குறை. இன்று நம் வீடுகளில் பற்றாக்குறையும் மிகையும் சேர்ந்தே இருக்கின்றன. மாவும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுதி. பருப்பும் காயும் கீரையும் குறைவு. அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று கணக்கிட்டுள்ளது. நம் தட்டையும் இக்கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே எங்கே மிகை, எங்கே குறை என்பது விளங்கிவிடும்.

எடை ஏறுவது ஏன்?

புற்றுநோய் என்றால் உடல் இளைக்கும் என்பதே பொதுவான எண்ணம். வாய், உணவுக்குழல், இரைப்பை ஆகியவற்றில் நோய் கண்டவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மை. அவர்களுக்கு எடையைக் கூட்டுவதே கவலை. இக்கட்டுரையில் எடை குறைப்பதைப் பற்றிச் சொல்வன அவர்களுக்குப் பொருந்தா. ஆனால் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களிலும், ஆண்களில் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களிலும் பலருக்கு எடை ஏறுகிறது.

இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, கீமோதெரபி மருந்துடன் வாந்தியைத் தடுக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். இரண்டாவது, சிகிச்சைக் காலச் சோர்வு. அம்மா அதற்குமுன் எங்கள் சிறு தோட்டத்தில் காலை முதல் மாலை வரை கொழுந்து பறிப்பார், சரிவில் ஏறி இறங்குவார், மூட்டை சுமப்பார். அந்த உழைப்பு ஒரே நாளில் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. மூன்றாவது, மருந்தினால் மாதவிடாய் முன்னரே நின்றுபோதல். நான்காவது மிக முக்கியமானது. படுத்திருக்கும் உடலில் தசை கரைகிறது. அதன் இடத்தில் கொழுப்புச் சேருகிறது. தசை குறைந்த உடலுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் கலோரியும் குறைவு. எனவே முன்பு உண்ட அதே அளவை உண்டாலும் எடை ஏறும்.

அம்மாவின் உயரம் 152 சென்டிமீட்டர். நோய்க்கு முன் எடை 58 கிலோ; சிகிச்சை முடிந்தபோது 67 கிலோ. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். அம்மாவுக்கு அது 25-லிருந்து 29-ஆக ஏறியிருந்தது. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான அளவு. 23-க்கு மேல் மிகை எடை. 25-க்கு மேல் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் உட்பட்டிருக்க வேண்டும். தையற்காரரின் நாடா ஒன்று இருந்தால் இதனை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

கொலஸ்ட்ரால் ஏறுவது ஏன்?

கொலஸ்ட்ரால் என்பது நஞ்சன்று. உயிரணுக்களின் சவ்வுக்கும், ஹார்மோன்களுக்கும், பித்தநீருக்கும் அது தேவை. அதில் பெரும்பகுதியை உடலே, குறிப்பாகக் கல்லீரலே, உண்டாக்கிக் கொள்கிறது. இரத்தத்தில் அது புரதப் பொதிகளில் ஏறிச் செல்கிறது. எல்.டி.எல். என்னும் பொதி மிகுந்தால் இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படியும். அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும். எச்.டி.எல். என்னும் பொதி மீந்த கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு செல்லும். பொதுவாக எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்கும், டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்கும் உட்பட்டிருப்பது நன்று. இருதய நோய் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் இதனினும் குறைந்த அளவை வைப்பர்.

சிகிச்சைக்குப்பின் இது ஏறுவதற்கும் காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்வரை அது எல்.டி.எல்.-ஐ ஓரளவு அடக்கி வைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உடலில் எஞ்சியுள்ள ஈஸ்ட்ரோஜனையும் குறைத்துவிடுகின்றன. புற்று திரும்பாமல் காப்பதற்கு அது தேவை. ஆனால் கொழுப்பையும் எலும்பையும் கவனித்துக்கொள்ள வேண்டியதாகிறது. கழுத்தில் ‘கரண்ட்’ வைத்தவர்களுக்கு, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, தைராய்டு சுரப்பி தளர்ந்து அதனாலும் கொலஸ்ட்ரால் ஏறலாம். அத்தகையவர் தைராய்டையும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

இதில் பொதிந்துள்ள உண்மையை நாம் சிந்திக்க வேண்டும். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற சில புற்றுநோய் மருந்துகளும், இடப்பக்க மார்பில் தரும் கதிர்வீச்சும் இருதயத்தைப் பாதிக்கக்கூடியவை. அதன்மீது எடையும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் சுமை இரட்டிப்பாகும். புற்றுநோயைக் கடந்து வந்த ஒருவரை இருதய நோய்க்குக் கொடுத்துவிடலாமா? அம்மாவின் எல்.டி.எல். 158 என்று தெரிந்த அன்று டாக்டர் எங்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்.

இளைத்தால் அச்சம்

டாக்டர் சொன்னதைச் செய்வதற்கு எங்கள் வீட்டில் பெருந்தடையாக இருந்தது பணமன்று, ஊரின் கண். எங்கள் பக்கம் ஒருவர் பருத்திருந்தால் ‘தேறிவிட்டார்’ என்று பொருள். இளைத்திருந்தால் நோய் என்று பொருள். “இத்தனை நாள் கஷ்டப்பட்ட உடம்பு, இனிமேலாவது நல்லாச் சாப்பிடு” என்று பெரியம்மா அன்போடு பலகாரம் கொண்டுவந்து வைப்பார். அம்மா முதல் மூன்று கிலோ குறைந்தபோது, தோட்டத்தில் கூட வேலை செய்யும் ஒருவர், “என்னக்கா, இளைச்சுப் போயிட்டீங்களே, மறுபடியும் ஏதாவது...” என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். அன்றிரவு அம்மா இரண்டு மடங்கு சோறு போட்டுக்கொண்டார். அது பசியினால் அன்று, பயத்தினால்.

ஆகவே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வது இன்றியமையாதது. நாமே திட்டமிட்டு, உணவை அளந்து, நடையைக் கூட்டி, வாரத்துக்கு அரைக் கிலோ என்ற அளவில் குறைப்பது நலம். அவ்வாறு குறையும்போது பசி இருக்கும். உடலில் வலுவும் கூடும். எந்த முயற்சியும் இல்லாமல், பசி மந்தித்து, சோர்வோடு எடை தானாகக் குறையுமானால், அது உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய செய்தி. இதனை எழுதி வைத்துக்கொள்வதற்காக நான் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, ஞாயிறுதோறும் காலையில் எடையையும், அந்த வாரம் நடந்த நாட்களையும் குறித்து வந்தேன். எடை ஏன் குறைகிறது என்பதற்கு அந்த நோட்டே சான்று ஆயிற்று. அதனைப் பார்த்த பின்னரே அம்மாவின் அச்சம் தணிந்தது. பெரியம்மாவிடமும் அதனையே காட்டினோம்.

எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்ற வினாவும் எழும். பள்ளிப்பருவத்து எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. உள்ள எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் சீர்படத் தொடங்கும். 67 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஆறரைக் கிலோ மட்டுமே.

தட்டில் செய்த மாற்றங்கள்

தேயிலை நாட்டில் முதலில் தேநீரிலிருந்தே தொடங்க வேண்டும். தேநீரில் கலோரி இல்லை. நாம் அதில் போடும் சர்க்கரையில்தான் உள்ளது. நாளைக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் பத்துச் சிறு கரண்டி, அதாவது 50 கிராம் சர்க்கரை. ஒரு கிராமுக்கு நான்கு கலோரி வீதம் 200 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் சமதரையில் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவதும் ஏறத்தாழ அவ்வளவே! அம்மா ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டை ஒன்றரை ஆக்கி, ஒன்றாக்கி, அரையாக்கி, இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். சிகிச்சைக்குப்பின் சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

அடுத்தது தேநீரோடு வரும் வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் அது. விருந்தாளி வந்த நாளில் ஒன்று உண்ணலாம். அன்றாடம் நான்கு உண்பது தகாது. அதனிடத்தில் அவித்த பட்டாணி, கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு பிடி நிலக்கடலை ஆகியவற்றை வைத்தோம்.

மூன்றாவது எண்ணெய். கடைகளில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்ட எண்ணெயை வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தாவரங்கள் அதனைக் கணக்கிடத்தக்க அளவில் உண்டாக்குவதில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதே. அது மிகுந்தால் கல்லீரல் எல்.டி.எல்.-ஐ இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வது குறைகிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும், பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் அது குறைவு. ஆயினும் எல்லா எண்ணெய்க்கும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். எனவே அளவே முதன்மையானது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 27 கிராம் என்றால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டர். எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தபோது மாதம் ஆறு லிட்டர் வாங்கியிருந்தோம். பாட்டிலிலிருந்து நேரே சட்டியில் ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கியதே இதற்கு மருந்தாயிற்று.

நான்காவது நார்ச்சத்து. அவரை, பீன்ஸ், பட்டாணி, கேரட், கொள்ளு, ஓட்ஸ் ஆகியவற்றில் உள்ள கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிய பித்த அமிலம் செய்கிறது. இவ்வாறே இரத்தத்தில் எல்.டி.எல். சற்றுக் குறைகிறது. நம் மலையில் இவற்றுக்கு என்ன குறை? கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், நூக்கோல், டர்னிப் எல்லாம் நம் தோட்டத்திலிருந்து மேட்டுப்பாளையம் சந்தைக்கு லாரி லாரியாக இறங்குகின்றன. விளைவிக்கும் நம் வீட்டுத் தட்டிலோ ஒரு கரண்டிப் பொரியல்தான் இருக்கிறது!

எங்கள் பக்கத்துப் படுகர் இன மக்களின் பழைய உணவில் கேழ்வரகுக் களியும், சாமையும், அவரை சேர்த்த குழம்பும், தோட்டத்துக் கீரையும் முதலிடம் பெற்றிருந்தன. மேலே சொன்ன தேசிய நிறுவனத்தின் கணக்குக்கு அவ்வுணவு வெகு அருகில் வருகிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. லெட்ரோசோல் போன்ற மாத்திரையால் எலும்பு மெலியக்கூடிய பெண்களுக்கு இது துணை. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கப்பெற்றது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கேழ்வரகும் தானியமே. களி மூன்று உருண்டையானால் அதுவும் எடை ஏற்றும். சோறானாலும் களியானாலும் தட்டில் கால் பங்கு. காயும் கீரையும் பாதி. பருப்பு, அவரை, முட்டை, மீன் போன்ற புரத உணவு கால் பங்கு. இதுவே நாங்கள் கொண்ட எளிய அளவு.

எடை குறையும்போது தசை குறையாமல் காக்கப் புரதம் தேவை. கிலோ எடைக்கு ஒரு கிராம் என்பது பொதுவான கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே உண்ண வேண்டும். உணவைப் பற்றி இன்னும் ஒரு சொல். மலைப் பூண்டு, கிரீன் டீ ஆகியவற்றை உணவாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் கிரீன் டீச் சத்தைப் பிழிந்து அடைத்த மாத்திரைகளும், பெயர் தெரியாத பொடிகளும் கல்லீரலைக் கெடுக்கக்கூடும். புற்றுநோய் மாத்திரையின் வேலையில் குறுக்கிடவும் கூடும். டாக்டருக்குத் தெரியாமல் அவற்றை உண்ணக் கூடாது.

மலைச்சரிவில் நடை

சிகிச்சை முடிந்தவர் ஓய்வாக இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று மாறிவிட்டது. சோர்வைப் போக்க ஓய்வைவிட அளவான உடற்பயிற்சியே மேல் எனப் பல நாட்டு வல்லுநர்கள் கண்டுள்ளனர். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் நடப்பதும், இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுப்பதும் இலக்கு. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்குவதே மிதமான வேகம். முதல் நாளே அரைமணி நடக்க வேண்டியதில்லை. அம்மா வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு சென்றார்.

நம் மலைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. சமவெளி நூல்கள் விடியற்காலை நடையைப் போற்றுகின்றன. கட்டபெட்டில் விடியற்காலை தேயிலைக்குள் கரடியும் காட்டுமாடும் நடமாடும் வேளை! வெயில் ஏறி எட்டு மணிக்குமேல், அல்லது மாலை நான்கு மணிக்குத் துணையோடு நடப்பதே அறிவுடைமை. ஏற்றத்தில் மூச்சும், இறக்கத்தில் முழங்காலும் வருந்தும். ஆகவே தொடக்கத்தில் சமமான சாலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகளால் பாதம் மரத்துப் போனவர்களுக்குக் கல்லும் ஈரமும் தெரியாது. பிடிப்புள்ள பூட்சும் கம்பளிக் காலுறையும் அவர்களுக்குக் கட்டாயம் தேவை. எலும்பு மெலிந்தவர் வழுக்கி விழுந்தால் முறிவு ஏற்படும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், மிகுந்த மூச்சுத்திணறல் தோன்றினால் அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இருதயத்தைப் பாதிக்கும் மருந்து பெற்றவர்கள் தொடங்குமுன்பே டாக்டரைக் கலந்துகொள்வது முறை.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்கள் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று முன்பு சொல்லப்பட்டது. கை வீங்கிவிடும் என்ற அச்சமே காரணம். 2009-இல் அமெரிக்காவில் கைவீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு சிறிது சிறிதாகப் பளுவைக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் மிகவில்லை என்பதும், வீக்கம் மோசமாகும் வேளைகள் குறைந்தன என்பதும் தெரிந்தது. அம்மா அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் தொடங்கி ஒரு லிட்டருக்கு வந்தார். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகிய இரண்டும் வாரம் இருமுறை. ஆனால் கவாத்துக் கத்தியும் முள்ளும் அந்தக் கையில் காயம் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காயத்தின் வழியே கிருமி புகுந்தால் வீக்கம் பெருகும். எனவே கொழுந்து பறிக்கத் திரும்பியபோது முழங்கை வரை உறை அணிந்தே பறிக்கிறார்.

மாத்திரையும் வேண்டுமா?

நான்கு மாதம் இவ்வாறு நடந்தபின் சோதித்ததில் எல்.டி.எல். 158-லிருந்து 140-க்கு இறங்கியிருந்தது. எங்களுக்கு ஏமாற்றமே. டாக்டருக்கு அவ்வாறில்லை. உணவும் நடையும் தரக்கூடியது இந்த அளவு; கல்லீரலே உண்டாக்கும் கொழுப்பைக் குறைக்க மாத்திரை வேண்டும் என்று விளக்கி, ஸ்டாட்டின் வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குப்பின் அது 94. எடை இன்று 62 கிலோ. மாத்திரை வந்துவிட்டதால் நடையை விடலாம் என்பதும் இல்லை. நடப்பதால் மாத்திரையை நிறுத்தலாம் என்பதும் இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றுக்கும் சோர்வுக்கும் நடைதான் துணை. புற்றுநோய்க்கான மாத்திரையைக் கொழுப்பு ஏறுகிறது என்று அஞ்சித் தாமே நிறுத்துவது பெருந்தீங்கு என்பதையும் இங்கே வற்புறுத்த விரும்புகிறேன்.

உணவால் புற்று திரும்பாமல் தடுக்க முடியுமா?

இவ்வினாவுக்கு நேர்மையான விடையே தேவை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 3,088 பெண்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், காயும் பழமும் மிக அதிகமாகவும் கொழுப்புக் குறைவாகவும் உண்டவர்களுக்கும், வழக்கமான நல்லுணவு அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ஒரு காயோ கனியோ புற்றைத் தடுக்கும் என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம்.

உடற்பயிற்சியைப் பற்றிய செய்தி நம்பிக்கை தருவது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், நடந்த ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மூன்றாண்டு பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி. மற்றப் பகுதியினருக்கு அறிவுரை நூல் மட்டும். எட்டாண்டு முடிவில் முதற் பகுதியினரில் நூற்றுக்கு 90.3 பேரும், இரண்டாம் பகுதியினரில் 83.2 பேரும் உயிரோடிருந்தனர். இது பெருங்குடல் புற்றுக்குக் கண்ட முடிவு. எல்லாப் புற்றுக்கும் அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. ஆயினும் ஓர் உண்மை இதில் உண்டு. அறிவுரை நூல் இரு பகுதியினருக்கும் கிடைத்தது. கூடவே நடக்க ஒருவர் கிடைத்தது முதற் பகுதியினருக்கு மட்டுமே.

முடிவுரை

சிகிச்சை முடிந்தவருக்கு ஓய்வும் ஊட்டமும் வேண்டும் என்று நாம் கேட்டு வளர்ந்தோம். இன்றைய மருத்துவம் அதனை அளவும் நடையும் என்று திருத்தி எழுதியிருக்கிறது. அதற்கு வேண்டிய அவரையும் கேழ்வரகும் கீரையும் நம் மலையிலேயே விளைகின்றன. நடக்கச் சாலையும் இருக்கிறது. சோதித்துக்கொள்ள அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி நம் வீட்டாரை அழைத்துச் செல்வது படித்த பிள்ளைகளாகிய நம் கடமை.

மாணவ நண்பர்களே! உங்கள் தெருவில் இந்நோயைக் கடந்து வந்தவர் ஒருவர் இருப்பார். அவரைப் பார்க்கப் போகும்போது ஒரு பெட்டி இனிப்புக்குப் பதிலாக ஒரு கிலோ பட்டாணியோ, நான்கு பேரிக்காயோ வாங்கிச் செல்லுங்கள். அவர் சற்று இளைத்திருந்தால் முகத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நடக்கிறீர்களா என்று கேளுங்கள். நேரமிருந்தால் அரைமணி கூடவே நடந்துவிட்டு வாருங்கள்.